எண்பத்திரண்டில் யாருமே சாகவில்லை

என் மகளின் கல்யாணத்தை ஒரு படகு கவிழ்க்கப் பார்த்தது. நிஜப் படகு என்றாலாவது மனசு ஆறியிருக்கும். சினிமாப் படகு. அதுவும் எண்பத்திரண்டாம் வருஷத்துச் சினிமாப் படகு.

எங்களுக்கு மெத்தைக் கடை. கீழே கடை, மேலே வீடு. என் வீட்டுக்காரர் பஞ்சு அடைப்பார், நான் உறை தைப்பேன். கை ஓய்ந்தாலும் இரண்டு பேருக்கும் வாய் ஓயாது. நான் விலை பேசுவேன், அவர் சினிமா பேசுவார். சினிமா என்றால் எல்லாச் சினிமாவும் இல்லை. அவருக்கு மீசை அரும்பிய எண்பத்திரண்டாம் வருஷத்துப் படங்கள் மட்டும். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் ஒத்திகை, பின்னால் வந்ததெல்லாம் குப்பை என்பது அவர் கட்சி. ஒரு தலையணை வாங்க வந்தவர்கூட அந்த வருஷத்தின் நான்கு பெரிய படங்களைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகுதான் படியிறங்க முடியும். நான் அவற்றில் ஒன்றையும் பார்த்ததில்லை. கேட்டுக் கேட்டே காது புளித்துப்போனது.

மகள் தன்னோடு வேலை பார்க்கிற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். தங்கமான பையன். அவனுடைய அம்மா போன வருஷம்தான் தவறிப்போனார். அப்பா பல் டாக்டர். தனியாக இருக்கிற மனுஷன், அவர் மனசு நோக எதுவும் செய்ய மாட்டேன், அவர் சரியென்றால்தான் கல்யாணம் என்று பையன் சொல்லிவிட்டான். இவளும் அதுதான் நியாயம் என்றாள். டாக்டர் வீடு எங்கே, பஞ்சு பறக்கிற எங்கள் வீடு எங்கே.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். சும்மா சொல்லக் கூடாது, மனுஷனிடம் பந்தா கிடையாது. உட்கார்ந்த மெத்தையை அமுக்கிப் பார்த்து, நல்ல பஞ்சு என்றார். காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார். எனக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர், படம் பார்க்கிற பழக்கம் உண்டா என்று கேட்டுவைத்தார். உண்டு, ஆனால் எண்பத்திரண்டோடு விட்டாயிற்று, அதற்குப் பிறகு என்ன பெரிய படம் வந்துவிட்டது என்றார் டாக்டர்.

இவர் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இனி இந்த இரண்டு பேருக்கும்தான் கல்யாணம் பண்ணி வைக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த வருஷத்திலேயே சிறந்தது எது என்ற கேள்விக்கு இருவரும் ஒரே மூச்சில் "படகுப் படம்" என்றார்கள். கலங்கரை விளக்கத்துக் காவல்காரர் மகளுக்கும் மீன்பிடிக்கிற ஒருவனுக்கும் காதல், அதுதான் கதை.

"அந்தப் பொண்ணு கடல்ல மூழ்குற இடம் இருக்கே," என்று டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எந்தப் பொண்ணு?" என்றார் இவர்.

அவள் மூழ்கவே இல்லையாம். அவன் படகில் பத்திரமாகத் திரும்பி வருகிறான், கரையில் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், படம் முடிந்தது என்றார். டாக்டர் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார். சரி, அண்ணன் தம்பி படத்துக்குப் போவோம் என்றார். அதில் அண்ணன் தம்பியைச் சுட்டுவிடுகிறான் என்பது அவர் கணக்கு, இரண்டு பேரும் சமாதானமாகிறார்கள் என்பது இவர் கணக்கு. பார்வையில்லாத பாடகி படத்தில், ஆபரேஷன் முடிந்து கண் கட்டைப் பிரித்ததும் அவள் சிரிப்பதோடு சரி என்றார் இவர். சிரித்துவிட்டுத் திரும்பினால் காதலன் பிணமாகக் கிடப்பான் என்றார் அவர். கடைசியில் கொலைப் படத்துக்கு வந்தார்கள். கொலைகாரன் யார் என்று காட்டாமலே முடித்து, யோசிக்கிற வேலையை நமக்கே விட்டதுதான் அந்த டைரக்டரின் பெருமை என்று என் வீட்டுக்காரர் கண் கலங்கச் சொன்னார்.

"சமையல்காரன்யா," என்றார் டாக்டர். "சமையல்காரன்தான் கொன்னான். அவனைத் தூக்குல போடுறதுதான் கடைசி சீனே."

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் குரல் ஏறியது. டாக்டர் காலமெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் பேசிப் பழகிய மனுஷன். இவரோ கடைக்கு வந்தவர் யாரையும் பேசவிட்டதே இல்லை. பார்க்காத படத்தைப் பார்த்ததாகப் புளுகுகிறவர் வீட்டில் எதை நம்புவது என்று சொல்லிவிட்டு டாக்டர் எழுந்து போய்விட்டார். இவர் மாடிப்படியில் நின்று, அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினார்.

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விசும்பல் மட்டும் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊசியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

"அந்தப் பொண்ணு பொழைச்சா உங்களுக்கென்ன, செத்தா உங்களுக்கென்ன? நம்ம பொண்ணு வாழ வேண்டாமா?" என்று கேட்டேன்.

"உயிரோட இருக்கிறவளை எப்படிடி செத்துட்டான்னு சொல்றது?" என்றார்.

இந்த மனுஷனோடு எப்படித்தான் இத்தனை வருஷம் குப்பை கொட்டினேனோ. மறுநாள் காலையில் நேராக ஆபரேட்டர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அந்தக் காலத்தில் எங்கள் தெருக்கோடித் தியேட்டரில் படம் ஓட்டியவர் அவர்தான். விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சினிமாவில் சாகிறவர்கள் எல்லாம் கடைசி ரீலில்தானே சாவார்கள், அந்த வருஷம் நான் கடைசி ரீலைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லையே என்றார். முதலாளி உத்தரவாம். மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வருகிறவர்களைப் பார்த்து, அடுத்த ஆட்டத்துக்கு வரிசையில் நிற்கிறவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்களாம். அதனால் எல்லோரும் சிரிக்கிற இடமாகப் பார்த்துப் படத்தை நிறுத்தி மணியடித்துவிடு என்று சொல்லிவிட்டாராம். அடுத்த வருஷம் தியேட்டர் கைமாறியது, புது முதலாளி முழுப் படத்தையும் ஓட்டச் சொல்லிவிட்டார். எண்பத்திரண்டுக்குப் பிறகு வந்த படமெல்லாம் என் வீட்டுக்காரருக்கு ஏன் பிடிக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டாக்டருக்குப் போன் போட்டு, சின்னஞ்சிறுசுகள் முகத்துக்காக ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன். சாயங்காலம் வந்தார். நான் வரவழைத்திருந்த ஆபரேட்டர் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல டாக்டர் முகத்தில் ஜெயித்த களை வந்தது. கடைசியில் என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"அப்போ அந்தப் பொண்ணு?"

"போயிட்டா தம்பி," என்றார் ஆபரேட்டர் அண்ணன்.

இவர் சுருட்டி வைத்திருந்த மெத்தைமேல் உட்கார்ந்துவிட்டார். தாரை தாரையாகக் கண்ணீர். இத்தனை வருஷமாக அவள் எங்கேயோ நன்றாக இருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேனே என்றார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், இரண்டு போடலாமா என்ற கோபம் ஒரு பக்கம். அதற்கு நடுவில் பாவமாகவும் இருந்தது.

டாக்டர் எழுந்து வந்து இவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"கல்யாணமான புதுசுல என் சம்சாரத்தோட பார்த்த படம் அது," என்றார். "அன்னைக்கு அவ சாப்பிடவே இல்ல. கடைசியா படுக்கையில கிடந்தப்பக்கூடச் சொன்னா, அந்தப் பொண்ணை உயிரோட விட்டிருக்கலாம்ங்கன்னு. உங்க தியேட்டருக்கு அவளைக் கூட்டிட்டு வந்திருக்கணும்."

பிறகு அவரே இவர் பக்கம் திரும்பி, "படகு கரைக்கு வந்துச்சு. அப்புறம்? சொல்லுங்க சம்பந்தி," என்றார்.

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் நான் மகளின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். காற்று அடங்கிவிட்டது. அவள் மேலேயிருந்து படகைப் பார்க்கிறாள். சுற்றுப் படியில் தடதடவென்று இறங்குகிறாள். அவன் தண்ணீரில் குதித்து நடந்தே வருகிறான். எத்தனையோ தடவை கேட்டுச் சலித்த கதை, அன்றைக்குத்தான் எனக்கே அது பிடித்தது. டாக்டர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் மணி அடிச்சிட்டாங்க. நாங்க எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டோம்."

"அது போதும்," என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, பெண்ணை வரச் சொல்லுங்கள், கல்யாணத்தை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று அவளையே கேட்டுவிடலாம் என்றார்.

நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் கண்ணைத் துடைத்தபடியே வந்து டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.