வாளியைக் கீழே வையும்

என் புருசன் கேதீஸ்வரனுக்கு எந்த நெருப்பைக் கண்டாலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதனால்தான் முதல் தரம் சோதனையில் கோட்டை விட்டார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அது எழுபத்தேழாம் ஆண்டு. மெல்பேர்ணில், கிளென் வேவர்லியில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு நகரத்தில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் தட்டச்சு வேலை. அவருக்குப் பெயின்ற் தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ற். நான் ரெயினால் இறங்கி வீட்டுக்கு வர ஆறு மணி. அவர் மூன்று மணிக்கே போயிருப்பார். அவர் திரும்பி வரும்போது நான் நித்திரை, காலையில் நான் வெளிக்கிடும்போது அவர் நித்திரை. கலியாணம் முடித்து ஒன்றரை வருசமாக, கிழமை நாட்களில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் பிரிஜ் கதவில் ஒட்டிய கடதாசித் துண்டுகளில்தான். ‘கத்தரிக்காய்க் குழம்பு கீழ்த்தட்டில்’ என்று நான் எழுதுவேன். ‘உப்புக் குறைவு’ என்று அவர் எழுதி வைப்பார். இதற்கா நான் கடல் தாண்டி வந்தேன்?

அப்போதுதான் அவருடைய தொழிற்சாலையில் தீயணைப்புப் பொறுப்பாளர் வேலை ஒன்று காலியானது. முழுக்கப் பகல் வேலை. சோதனை பாஸ் பண்ணினால் போதும். தொழிற்சாலை முற்றத்தில் மூன்று நெருப்பு வைப்பார்கள். மரமும் கடதாசியும் ஒன்று, தட்டில் எண்ணெய் ஒன்று, மின்சார மோட்டர் ஒன்று. எதை எதால் அணைப்பது என்று தெரிந்து அணைக்க வேண்டும். இவர் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார், சரி. அதே கையோடு எண்ணெய்க்கும் ஊற்றினார். அது சீறி எழும்பி, பக்கத்தில் நின்ற சோதனைக்காரரின் புருவத்தில் பாதியைக் கொண்டு போனது. நல்ல காலம், மனிதர் சிரித்துவிட்டு இன்னொரு தரம் வரச் சொன்னார். மூன்றாம் தரம் கிடையாது என்றும் சொன்னார்.

“எல்லாம் படிச்சனீங்கள்தானே. பிறகேன் ஊத்தினனீங்கள்?” என்று கேட்டேன்.

“தெரியும் ராஜி. நெருப்பைக் கண்டால் கை தானாப் போகுது.”

கை ஏன் போகிறது என்று எனக்கும் தெரியும். எங்கள் ஊரில் வீட்டைச் சுற்றித் தென்னோலைக் கிடுகு வேலி. பங்குனி வெயிலில் ஒரு மூலை பற்றினால் ஒழுங்கைச் சனம் முழுக்கக் கிணற்றடிக்கு ஓடும். யாரோடு யார் கோபம் என்று பார்க்காமல் வாளி கை மாறும். நெருப்பு என்றால் வாளி. அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை. இங்கே ஷவர் இருந்தும் இவர் குளியலறையில் எப்போதும் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்து, அள்ளித்தான் குளிப்பார்.

இனி விடுவேனா. ஒரு மாதம் வாத்தியார் வேலை பார்த்தேன். சனி ஞாயிறுகளில் வீட்டுப் பின்வளவில், பழைய தகரப் பேணியில் எண்ணெயும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டுக் கொளுத்துவேன்.

“எண்ணெய்?”

“மூட வேணும். காத்துப் போகாட்டில் நெருப்பு நூர்ந்திடும்.”

“வயர்?”

“முதல் மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணோணும். பிறகு நெருப்பணைக்கிற பவுடர். தண்ணி கூடாது.”

“கடதாசி?”

“தண்ணி” என்று சொல்லும்போது மட்டும் அவர் முகம் மலரும்.

கை தடுமாறினால் என் வாயில் வருவதெல்லாம் வாங்குவார். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, எல்லாம் சுகமா என்று விசாரித்தாள்.

சோதனைக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. அவர் லீவு. நல்லபடி முடியட்டும் என்று பிள்ளையாருக்கு வடை சுட நினைத்தேன். குசினியில் தாச்சியில் எண்ணெய் வைத்துவிட்டு, கதிரையில் இருந்தவரிடம் கடைசித் தரமாகக் கேள்வி கேட்டேன். வயருக்கு, சுவிட்சை மறந்து, நேரே பவுடர் என்றார். எனக்கு ஏறிவிட்டது. நின்று ஏசினேன். பின்னால் தாச்சி புகைவதை நான் காணவில்லை.

“ராஜி” என்றார். மறுபடியும் “ராஜி” என்றார்.

“நான் கதைக்கேக்கை குறுக்கை வராதேங்கோ.”

குப்பென்று எண்ணெய் பற்றியது. திரும்பினேன். நெருப்பு என் உயரத்துக்கு நின்றது.

பிறகு நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு மாதம் படிப்பித்த நான், நேரே குளியலறைக்கு ஓடி அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குள் அவர் அடுப்பு சுவிட்சை ஓஃப் பண்ணிவிட்டார். ஒரு கையால் என்னை மறித்தார். மறு கையால் இடியப்பப் பானை மூடியைப் பக்கவாட்டில் இருந்து தாச்சிக்கு மேல் தள்ளினார். நெருப்பு அடங்கியது.

“வாளியைக் கீழை வையும்” என்றார், மெதுவாக. “மூடியை இப்ப திறக்கக் கூடாது. எண்ணெய் ஆறட்டும். இல்லாட்டில் திரும்பப் பத்தும்.”

அதை நான் படிப்பிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்தேன்.

“கை தானாப் போகுது, என்ன?” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அடுத்த நாள் மத்தியானம் அவர் சோதனையால் வந்தார். என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே பின்னால் திரிந்தேன். ஒரு துண்டு எழுதி பிரிஜ் கதவில் ஒட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

‘இந்தத் திங்கள் தொடக்கம் இரவுச் சாப்பாடு ரெண்டு பேருக்கும் ஒண்டா. உப்பைக் கூட்டிப் போடும்.’

அந்த இடத்திலேயே இருந்து அழுதேன். பிரிஜ் கதவில் ஒட்டிய கடைசித் துண்டு அதுதான். திங்கட்கிழமை இரவு, முதல் வாய்ச் சோற்றை விழுங்கிவிட்டு, உப்புக் கூடிப்போச்சு என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். எனக்கு அவ்வளவு சந்தோசம்.