மூன்று தவறு, பத்து நிமிடம்

அக்காவின் கணினிப் பயிற்சி மையத்தில் பத்து மணிக்குத் தேர்வு. அது நடக்காவிட்டால் மையத்தின் அங்கீகாரம் பறிபோகும். எச்சரிக்கைக் கடிதம் ஏற்கெனவே வந்தாயிற்று. தேர்வுக்கான லினக்ஸ் சர்வரை நிறுவிக் கொடுத்தவன் தம்பி. அத்தோடு சும்மா இருந்திருந்தால் வம்பில்லை. வேலைக்குத் திரும்பும் ரயிலில் உட்கார்ந்து, மடிக்கணினி வழியே சர்வருக்குள் நுழைந்து, விட்டுப்போன வேலையென்று, வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வாலை முடுக்கிவிட்டான். யாரை உள்ளே விடலாம் என்று அதனிடம் சொல்ல மறந்திருந்தான். அது மாணவர்களின் முப்பது கணினிகளையும் வெளியே தள்ளியது, அவனையும் தள்ளியது.

இனி சர்வரின் முன்னால் இருப்பவர்தான் அதை அணைக்க முடியும். அங்கே இருந்தது அக்கா. இவன் கையில் இருந்தது தொலைபேசி மட்டும்.

"டேய், பாஸ்வேர்டு அடிக்கிறேன், ஒண்ணுமே விழலடா. கீபோர்டு செத்துப்போச்சா?"

"திரையில தெரியாதுக்கா. ஆனா உள்ள போகும்."

"நல்லா வச்ச போ! கண்ணைக் கட்டிக்கிட்டு கோலம் போடச் சொல்ற மாதிரி... தப்புன்னு வருது."

"நடுவுல வர்ற @ குறிக்கு ஷிஃப்ட்டோட ரெண்டு அடிச்சியா?"

"அடிச்சேன்டா. நாலு வருஷமா ஊருக்கே டைப்பிங் சொல்லிக்கொடுக்கிறவ நான்."

இரண்டாம் முறையும் தவறு, மூன்றாம் முறையும். மணி ஒன்பது ஐம்பத்தாறு.

"பத்து நிமிஷத்துக்குப் பூட்டியாச்சுன்னு போட்டிருக்கு. எந்தப் புண்ணியவான்டா பூட்டினது?"

கள்ளத்தனமாக நுழைபவரைத் தடுக்க அந்த விதியை எழுதியவன் அவனே.

அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. "அக்கா, பேரு கேக்குற இடத்துல அந்த ஷிஃப்ட்-ரெண்டை அடி. என்ன விழுது?"

"மேற்கோள் குறி விழுது. இது என்ன கூத்து?"

நிறுவும்போது விசைப்பலகைக்கு, குறிகள் இடம் மாறியிருக்கும் வேறொரு நாட்டின் அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். தன் மடிக்கணினியிலிருந்தே நுழைந்து பழகியவனுக்கு அது கண்ணில் படவே இல்லை. எந்த விசையை அழுத்த வேண்டும் என்று இப்போது தெரியும். அழுத்தத்தான் வழியில்லை.

"சார், பத்தே நிமிஷம்," என்று அக்கா யாரிடமோ கெஞ்சினாள்.

"விதியை நான் எழுதலைம்மா," என்றார் தேர்வு மேற்பார்வையாளர். "பத்துன்னா பத்து."

"அக்கா, அவர்கிட்ட போனைக் குடு. தப்பு என்னோடதுன்னு நான் சொல்றேன்."

"சொல்லி?" என்றாள் அக்கா. குரலில் கோபம்கூட மிச்சமில்லை. "இருடா, தேர்வு நடக்கலைன்னு கையெழுத்துப் போடக் கூப்பிடறாரு."

தொலைபேசியை மேசைமேல் வைக்கும் ஓசை கேட்டது. பிறகு முப்பது நாற்காலிகள் பின்னுக்கு நகரும் சத்தம். மணி பத்து ஆறு. பூட்டு திறந்திருக்கும்.

"அக்கா," என்றான். "அக்கா, இப்ப அடிக்கலாம்."

எதிரே இருந்த பயணி, பேசுவது தன்னிடமோ என்று நிமிர்ந்து பார்த்தார்.