யார் கையில் கத்தி

அறுவைப் பயிற்சிக்கு வந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கேமரா என்றுதான் பெயர். வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷனில், உள்ளே கேமராவைப் பிடித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் எப்போதும் அவள்தான். கத்தி பிடிக்கிற பாக்கியமெல்லாம் கூடப் படிக்கிற மற்றவர்களுக்கு.

இத்தனைக்கும் அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியை எந்தப் பயிற்சி டாக்டர் பார்த்துச் சேர்க்கிறாரோ, ஆபரேஷனும் அவருக்கே. பெரிய டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார். இவள் சேர்த்த நோயாளி என்றால் மட்டும் அந்த வழக்கம் காற்றில் பறந்துவிடும். "அடுத்தது உனக்குத்தாம்மா" என்பார். அடுத்ததும் வரும், போகும்.

சொந்தக் கையால் ஆபரேஷன் செய்யாமல் கடைசிப் பரீட்சை எழுத முடியாது. இவளுடைய சனத்திலிருந்து முன்னால் வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் பாதியில் மூட்டை கட்டினார்கள். "அவங்க ஆளுங்களுக்கு நிலைச்சு நிக்கத் தெரியலை" என்று ஆஸ்பத்திரி உச்சுக்கொட்டியது. நிற்க இடம் கொடுத்தீர்களா என்று கேட்க ஒரு நாதி இல்லை.

"அழறதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்? போதும், வீட்டுக்கு வந்துடு கண்ணு" என்று அம்மாவும் போனில் சொல்லிப் பார்த்துவிட்டாள். இவளுக்கும் பாதி மனசு போய்த்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேலிடம் விழித்துக்கொண்டது. சிறுபான்மைச் சனத்து டாக்டர்கள் ஏன் இங்கே சேருவதில்லை என்று கேட்டது. உடனே பெரிய டாக்டருக்கு இவள் ஞாபகம் வந்துவிட்டது, பாவம்! பயிற்சிக்குச் சேர யோசிக்கும் இளம் டாக்டர்களை அழைத்திருந்த அன்று, மேலிடத்து அதிகாரியும் உட்கார்ந்திருக்க, இவளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இது நம்ம வீடு மாதிரின்னு ரெண்டு வார்த்தை சொல்லும்மா."

அவள் வாயைத் திறக்குமுன் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். இவளுடைய சனத்துப் பெண்தான்.

"அக்கா, நீங்க இங்க என்னென்ன ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க?"

"நிறைய..." என்று பெரிய டாக்டர் முந்திக்கொண்டார்.

"ஒண்ணுகூட இல்லை" என்றாள் அவள்.

பெரிய டாக்டர் பல்லைக் கடித்தார். "இதெல்லாம் பேசற இடமா இது?"

"கூப்பிட்டு நிறுத்தினது நீங்கதானே சார்."

இத்தனை நாள் பொறுத்த ஆத்திரம் அவளை நிறுத்தவிடவில்லை.

"குடல்வால் வீங்கி ஒருத்தர் வந்திருக்கார். காலைல நான்தான் பாத்துச் சேர்த்தேன். வார்டு வழக்கப்படி ஆபரேஷன் என்னுது. தருவீங்களா மாட்டீங்களான்னு இவங்க முன்னாடியே சொல்லிடுங்க சார். கேட்டுட்டு இவங்க சேரட்டும், இல்லே போகட்டும்."

அதிகாரி உட்பட எல்லார் கண்ணும் பெரிய டாக்டர் மேல். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, நீயே பண்ணு. ஏதாவது தப்பாச்சுன்னா?"

"ஆகாம பாத்துக்க நீங்க பக்கத்துல நிப்பீங்கல்ல. மத்தவங்களுக்கு அப்படித்தானே நிக்கிறீங்க."

பின்வரிசைப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப நான் சேரலாமா அக்கா?"

"சேரு. நான் போறதா இல்லை."