தொண்டைக்கும் தொப்புளுக்கும் நடுவே

எங்கள் ஊரில் யாருக்கு ஆட்டிசம், யாருக்கு வேறு ஏதோ என்பதைத் தாலுகா ஆபீஸ் சர்வேயர்தான் அளந்து சொல்வார். ஆளைப் படுக்கவைத்துச் சங்கிலி பிடித்து, எல்லைக்கு எல்லை கல் நட்டுவிட்டுப் போவார். கல் கொஞ்சநாள் உறுத்தும். அப்புறம் பழகிவிடும்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. ஆட்டிசம் உள்ளவர்களின் சங்கம் ஒன்று ஞாயிறுதோறும் கல்யாண மண்டபத்தில் கூடுகிறது. அங்கே நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே உட்காரலாம், ஏன் ஆடுகிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்றார்கள். அப்படி ஒரு இடத்தை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. அங்கே ஒரு நாற்காலிக்காக ஏங்கிப்போனேன். பட்டா இருந்தால்தான் சேர்க்கமுடியும் என்றார் சங்கச் செயலாளர் மங்கையர்க்கரசி. போன மாதம் ஒருவர் வெறும் கூச்ச சுபாவத்தை வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, இரண்டு பிஸ்கட்டும் தின்றுவிட்டாராம்.

சர்வேயர் தணிகாசலம் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து, கூடத்தில் என்னைக் கிழக்கு மேற்காகப் படுக்கவைத்து அளந்தார். மிக்ஸி ஓடினால் எனக்கு அழுகை வரும். அதனால் காதுகள் இரண்டும் சுத்தமான ஆட்டிசம், வில்லங்கமே இல்லை என்றார். உள்ளங்கால்கள் கவனச்சிதறலுக்குப் போயின. அடிவயிறு பதற்றத்துக்கு. அது நாலு தலைமுறையாக எங்கள் குடும்பத்தின் அனுபவத்தில் இருப்பது. தொண்டையிலிருந்து தொப்புள்வரை அளந்ததும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"இங்கதாம்மா சிக்கல். மூணும் என்னுது என்னுதுங்குது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கு."

"எல்லாம் நான்தானே சார்?"

"நீங்கதாம்மா. அதுக்குப் பத்திரம் இருக்கா?"

இல்லை. அந்தப் பகுதியைப் புறம்போக்கு என்று எழுதிக்கொண்டு, மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

வரைபடத்தை மங்கையர்க்கரசி நெடுநேரம் பார்த்தார்.

"காதை மட்டும் சேத்துக்கலாம்மா. மத்ததெல்லாம் வெளிய இருக்கட்டும். தப்பா நெனைக்காதீங்க, இன்னிக்கு உங்கள விட்டா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காதுகளை உள்ளே அனுப்பிவிட்டு நான் மண்டபத்து வாசலில் நின்றேன். ரோட்டில் போன பஸ்ஸின் ஹாரன் கேட்கவில்லை, அந்த மட்டுக்கும் நிம்மதி. உள்ளே இரண்டு மணி நேரமும், இன்னும் யார் யாரையெல்லாம் சேர்க்கக்கூடாது என்பதே பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி ஐந்து நிமிடம் மட்டும், மண்டபக்காரர் காலி செய்யச் சொல்கிறார், வேறு இடத்துக்கு எங்கே போவது என்று கவலைப்பட்டார்கள்.

அடுத்த மாதம் தாலுகா ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. சங்கம் சொந்தக் கட்டடம் கட்டிக்கொள்ள ஊருக்குள் இருந்த ஒரே புறம்போக்கை ஒதுக்கியிருந்தார்கள்.

இப்போது கூட்டம் என் நெஞ்சில்தான் நடக்கிறது. நாற்பது நாற்காலி போட்டிருக்கிறார்கள். எல்லோரும் வந்து உட்கார்ந்து, யாருக்கும் பயப்படாமல் முன்னும் பின்னும் ஆடுகிறார்கள். பார்க்க எனக்கே சந்தோஷமாக இருக்கிறது. கூட்டம் முடியும்வரை நான் மட்டும் ஆடாமல் படுத்திருக்கவேண்டும் என்று மங்கையர்க்கரசி கேட்டுக்கொண்டார். சுவரில் விரிசல் விடுகிறதாம்.