குழாயின் வாய் சொன்ன பொய்

1

சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஓர் ஈயத்துண்டிலிருந்து பிறந்த கதை இது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லக்கூடாது. ரித்வாவின் சமையலறை மேசையில், காப்பிக்கும் ஏலக்காய் ரொட்டிக்கும் நடுவே அந்த ஈயம் உருண்டு கிடந்தது. அதை அளந்து பார்த்த சந்தோஷத்தில் அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "போர்க்காலத்தில் செய்யப்பட்ட அந்தத் துப்பாக்கி, பனி மூடிய காட்டில்..." [வேண்டாம். போர்க்கதை என்று நினைத்துத் துப்பாக்கியோடு நீங்களும் பதுங்கிவிடுவீர்கள்.]

இரண்டாவது: "ஃபின்லாந்தின் ஈசால்மி ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ரித்வா, கோபம் வந்தால்..." [கோபம் எப்போதும் வரும். இது செய்தியே இல்லை.]

மூன்றாவது: "விவாகரத்தின்போது ரித்வாவும் எஸ்கோவும் ஏரிக்கரைக் குடிலைத் தவிர எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள்." [இது நிற்கும். வாருங்கள்.]*

*இந்த ஊரில் சின்னவன் பெரியவன் எல்லாரும் ஒருவரையொருவர் "நீ" என்பார்கள். அதனால் அறுபது வயதுக்காரர்களை அவள், அவன் என்று எழுதுகிறேன். திட்டாதீர்கள்.

2

ஆளுக்கொரு பழைய பட்டாளத்துத் துப்பாக்கி. அவள் வாசலில் பாத்திரங்கள், அவன் வாசலில் படகு. குடில் மட்டும் பொது. வருஷம் பூராவும் முறை வைத்துப் போய்விடலாம், ஆனால் நடுக்கோடை விழா ஒன்றுதானே வருகிறது! சூரியன் மறையாத அந்த இரவில், சௌனா என்னும் நீராவி அறையில் வெந்து, படித்துறையிலிருந்து ஏரியில் குதிக்க இருவருக்குமே ஆசை. மூன்று கோடையாக எஸ்கோதான் போகிறான். அவன் அதிக நேரம் வாதாடுவான், அவ்வளவுதான் காரணம்.

"அந்தப் படித்துறைக்குப் பலகை அடிச்சவ நான்," என்றாள் ரித்வா. "அந்த ராத்திரி அதுல கால நனைச்சு உக்காந்தே மூணு வருஷமாச்சு. நெனச்சா வயிறு எரியுது."

அதனால் ஒரு பந்தயம். எங்கள் துப்பாக்கிச் சங்கத்தின் பழைய துப்பாக்கிப் போட்டியில், படுத்தபடி பத்துக் குண்டு. ஜெயிப்பவருக்கு நடுக்கோடை, இந்த வருஷம் மட்டுமில்லை, இனி எல்லா வருஷமும். ஆனால் எஸ்கோவை அவள் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

"அவ துப்பாக்கி வேலிக்கு நடுற கட்டைப்பா," என்று என்னிடம் சிரித்தான் எஸ்கோ. "பாவம், எதைப் போட்டாலும் சிதறும்."

இதைக் கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தோட்டாக்களை வீட்டிலேயே செய்யும் பைத்தியம் எனக்கு உண்டு. "நான் பாத்துக்கறேன்," என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேனோ!

3

தோட்டாவின் மூக்கில் உட்காரும் குண்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று இங்கே ஒரு கட்டுரை வரும். பயப்படாதீர்கள், சின்னதுதான்.

கடைத் தோட்டா என்பது எல்லாருக்குமாகத் தைத்த சட்டை. பழைய துப்பாக்கிகளோ ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் உள்ளவை. ஆகவே மெத்தென்ற ஈயத்துண்டு ஒன்றைத் துப்பாக்கிக் குழாயின் ஒரு முனையில் தட்டி, மறுமுனையில் எடுத்து அளப்போம். அந்த அளவுக்குப் பொருந்தும் குண்டை வாங்கி, வெடிமருந்தைக் குறைவாகவே தொடங்கி, மெல்ல மெல்ல...

[இங்கே இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். எனக்கே கொட்டாவி வந்தது.]

எங்கள் ஈயம் சொன்னது: குழாய் இறுக்கம், புத்தம்புதுசு போல! "அடி சக்கை!" என்று கத்தினேன். உடனே மெல்லிய குண்டாக, நீளமாக, வால் குறுகி, பார்த்தாலே முத்தம் கொடுக்கத் தோன்றும் அழகான ரகமாக ஒரு பெட்டி வாங்கினேன். அந்த அளவிலேயே இன்னொரு ரகமும் இருந்தது. குட்டை, மொழுக்கட்டை, அடிப்பாகம் தட்டை. அதையும் ஒரு பெட்டி சும்மா எடுத்துப் போட்டேன்.

அழகிகளைச் சுட்டோம். பத்தும் பத்து ஊருக்குப் போயின.

"கதைக்காரா," என்றாள் ரித்வா, எழுந்து பனியைத் தட்டிக்கொண்டே. "உன் கதையில இதை எழுது. 'அவன் வாயாலயே வடை சுட்டான்'னு எழுது."*

*அவள் சொன்னது ஃபின்னிஷ் மொழியின் வேறொரு கெட்ட வார்த்தை. அச்சில் வராது.

4

மறுநாள் கடுப்போடு காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். மேசையில் துப்பாக்கி, குழாயின் பின்பக்கத்தை மூடும் போல்ட் கழற்றப்பட்டு வெறுமனே கிடந்தது. விளையாட்டாக ஒரு தோட்டாவின் மூக்கைக் குழாயின் வாயில், குண்டு வெளியேறும் முனையில், நுழைத்தாள். பாதியில் நிற்க வேண்டிய குண்டு முழுசாக உள்ளே போய்விட்டது.

"டேய்! இங்க பாரு!"

பார்த்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்! ஈயத்துண்டு குழாய் முழுக்கப் பயணம் செய்து, இருப்பதிலேயே இறுக்கமான இடத்தின் அளவை மட்டுமே கொண்டுவரும். வாய் தேய்ந்து அகன்றிருப்பதை அது சொல்லவே சொல்லாது. உள்ளே இறுக்கம், வாசலில் தொளதொளப்பு. வால் குறுகிய அழகிகள் அந்த வாசலில் தடுமாறித்தான் ஊர் ஊராகப் போயின.

"வாய் மட்டும் எப்படி இவ்வளவு தேஞ்சுது?" என்றேன்.

ரித்வா கோப்பையைக் கீழே வைத்தாள். கன்னம் சிவந்தது.

"எஸ்கோ," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் சௌனா முடிந்ததும் அவள் துப்பாக்கியை அவன்தான் துடைத்துக் கொடுப்பான். பட்டாளத்தில் அவனுக்குக் கொடுத்தது வேறு ரகத் துப்பாக்கி, அதைப் பின்பக்கத்திலிருந்து துடைக்க வழியே கிடையாது. துடைக்கும் கோலை வாய்வழியே விடக் கற்ற கை அது. கட்டாயமாகப் பட்டாளத்துக்குப் போய்வரும் இந்த ஊரின் ஆண்கள் எல்லாருக்கும் அந்தக் கைதான். இந்தத் துப்பாக்கிக்கோ போல்ட்டைக் கழற்றினால் பின்வாசல் திறந்தே கிடக்கிறது! இரும்புக் கோல் உரசி உரசி வாயைத் தின்றுவிட்டது.

"அவன் துப்பாக்கி மட்டும் எப்படி நல்லா இருக்கு?"

"அவனோடத அவன் தொடச்சதே இல்லடா. சோம்பேறி. என்னோடத மட்டும் விடாம தொடைப்பான்." சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வந்தது. "பாசமா தொடச்சே கெடுத்துட்டானே, படுபாவி!"

[இங்கே எஸ்கோவை வில்லனாக எழுதி வைத்திருந்த மூன்று பக்கங்கள் வீணாயின. அழித்துவிட்டேன்.]

5

மொழுக்கட்டையை எடு! தேய்ந்த வாசலிலும் தட்டை அடி நிமிர்ந்தே வெளியேறும் என்று பழைய ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நம்பியதில்லை. அந்த வாரம் சுட்டுப் பார்த்தோம். ஐந்து குண்டும் காப்பித் தட்டு அளவு வட்டத்துக்குள்! நான் பனிக்குவியலில் ஏறிக் குதித்தேன். ரித்வா என் தொப்பியைப் பிடுங்கி ஆகாயத்தில் எறிந்தாள், அது பிர்ச் மரத்தில் மாட்டிக்கொண்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது கதைக்கு முடிவுகள். எழுதுகிற தமிழை ரித்வாவுக்கு அவள் மொழியில் வாய்வழியாகச் சொல்லிக் காட்டுவது வழக்கம்.

(அ) எஸ்கோ வேண்டுமென்றே தோற்கிறான். "அப்படி எழுதினே, உன் வெரல ஒடைப்பேன்."

(ஆ) சமமாக முடிந்து இருவரும் ஒன்றாகக் குடிலுக்குப் போகிறார்கள். "என்ன, சினிமா எடுக்கிறியா?"

(இ) ரித்வா ஜெயிக்கிறாள். "இது சரி. ஆனா நான் இன்னும் சுடவே இல்லையே, அறிவு கெட்டவனே."

6

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். போட்டிக்கு முன், எஸ்கோ பழக்க தோஷத்தில் பையிலிருந்து கோலை உருவினான்.

"குடு ரித்வா, ஒரு தடவ தொடச்சுத் தரேன்."

அவள் போல்ட்டைக் கழற்றினாள். துப்பாக்கியைத் திருப்பி, பின்பக்கத்தை அவனிடம் நீட்டினாள்.

"தொடை. ஆனா இந்தப் பக்கத்திலேர்ந்து."

"ஏன்?"

அவன் பெட்டியிலிருந்தே ஒரு தோட்டாவை எடுத்து அவள் தன் குழாயின் வாயில் வைத்தாள். குண்டு முழுசும் உள்ளே போய்விட்டது. அவன் துப்பாக்கியின் போல்ட்டையும் கழற்றி அதே தோட்டாவை வைத்தாள். பாதியில் நின்றது.

எஸ்கோ இரண்டு வாய்களையும் மாறி மாறிப் பார்த்தான். கோல் அவன் கையிலேயே இருந்தது.

"நான்தானா?" என்றான்.

"பின்ன யாரு, பக்கத்து வீட்டுக்காரனா?"

"அத்தன வருஷமா... ரித்வா, நடுக்கோடைய நீயே வச்சுக்கோ. போட்டியே வேணாம்."

"பிச்சையா போடற?" அவள் கத்தியதில் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர் தலையைத் தூக்கினார். "படு! ஒழுங்கா சுடு! விட்டுக்குடுத்தேன்னு தெரிஞ்சா ஏரியில தள்ளிடுவேன்!"

படுத்தார்கள். நான் தொலைநோக்கியில். அவன் ஒன்று, அவள் ஒன்று. ஐயோ, அந்த மொழுக்கட்டைகள் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்! ஒன்பது குண்டு முடிந்தபோது இருவரும் சமம். பத்தாவதும் வெடித்தது, கிட்டத்தட்ட ஒரே சமயத்தில். கண்ணை வைத்துப் பார்த்தேன். இரண்டு ஓட்டைகளும் தெளிவாகத் தெரிந்தன.

யாரும் எழுந்திருக்கவில்லை. பாயில் படுத்தபடியே என்னைப் பார்த்தார்கள்.

"அவனுக்கு எங்க பட்டுது?" என்றாள் ரித்வா.

அதே மூச்சில், "அவளுக்கு எங்க?" என்றான் எஸ்கோ.

தன் குண்டைப் பற்றி இருவருமே கேட்கவில்லை.

ஈசால்மி இருக்கும் இந்தச் சவோ சீமையில் ஒரு சொல் உண்டு: சவோக்காரன் பேசினால் பொறுப்பு கேட்பவன் தலையில். இங்கேயே குடியிருந்து நானும் சவோக்காரனாகிவிட்டேன். நான் நகர்ந்துகொள்கிறேன், நீங்கள் வாருங்கள். தொலைநோக்கியைத் தொட்டு ஆட்டிவிடாமல் குனிந்து பாருங்கள். யாருக்கு எங்கே பட்டது என்று சீக்கிரம் சொல்லுங்கள், ஈரத் தரையில் இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள்.