ஹில்டனின் இடது பக்கம்

ஹில்டன் என் தங்கை லோலினின் புருஷன். எங்கள் கால்பந்து அணிக்கு அவன்தான் கோல்கீப்பர். அவனுக்கு முன்னால் தடுப்பாட்டக்காரனாக நான் ஒன்பது வருடம் நின்றிருக்கிறேன். பின்னால் அவன் குரல் கேட்டால் போதும், திரும்பிப் பார்க்காமலே பந்தை விட்டுவிடுவேன்.

அந்த வருடம் எங்கள் கனால் ஸ்டார் அணி தீவு நாடுகளின் கிளப் கோப்பைக்குத் தேர்வாகியது. எங்கள் ஊர் லுகன்வில்லிலிருந்து கிளம்பி, தலைநகர் வீலாவில் விமானம் மாறி, போட்டி நடந்த பக்கத்துத் தீவு நாட்டு ஹோனியாராவுக்குப் போனோம். இரண்டாவது கோல்கீப்பருக்குக் கிளம்பும் முன்பே டெங்கு வந்துவிட்டது, அவன் ஊரிலேயே தங்கிவிட்டான். மாற்று ஆள் இல்லாமல்தான் போனோம்.

முதல் ஆட்டம் புதன்கிழமை, ஃபிஜி அணியோடு. எழுபதாவது நிமிடத்தில் உயரமாக வந்த பந்துக்கு ஹில்டனும் அவர்களுடைய முன்னாட்டக்காரன் சைலோசியும் ஒன்றாகத் தாவினார்கள். சைலோசியின் முழங்கால் ஹில்டனின் நெற்றிப்பொட்டில் இடித்தது. கட்டையைக் கட்டையால் அடித்த மாதிரி ஒரு சத்தம். ஹில்டன் கொஞ்ச நேரம் கிடந்தான். பிறகு எழுந்தான். டாக்டர் இரண்டு விரலைக் காட்டிக் கேட்டார், இரண்டு என்றான். எந்த ஊர், யாரோடு ஆட்டம் என்று கேட்டதற்கும் சரியாகச் சொன்னான். அன்று ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

எங்களைத் தங்கவைத்திருந்தது ஒரு மிஷன் பள்ளி விடுதியில். ஹில்டனுக்கும் எனக்கும் ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்க்கப் போனவன் வெகுநேரம் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். நேற்றைய மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். அதே மீனைத்தான் நானும் சாப்பிட்டிருந்தேன். திரும்பும்போது இடது தோள் கதவுச் சட்டத்தில் இடித்தது. கதவு அங்கே இருப்பதே தெரியாதவன் மாதிரி நின்று அதைப் பார்த்தான்.

அவன் கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிவந்தேன்.

கட்டிலில் உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றான். பிறகு ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். "இப்ப நீ ஒரு ஆளாத் தெரியுறே. கையை எடுத்தா ரெண்டு பேரு. இடது பக்கம் போகப் போக ரெண்டும் விலகுது."

டாக்டரிடம் சொல்வோம் என்று எழுந்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். வலது கையின் பிடி வழக்கம்போல இரும்பு. கூடவே பற்றிய இடது கை மட்டும் துணி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அதை அவன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். முக்கியமாக லோலினிடம். அவள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை அரையிறுதி. அவன் நின்றான். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, எதிராளி அடிக்கும் முன்பே ஏதோ ஒரு பக்கம் விழுந்தான். இரண்டு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தொண்ணூறு நிமிடமும் நான் பந்தைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தேன். கடைசியில் நாங்கள் ஒரு கோல் போட்டு இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டோம். அது சனிக்கிழமை, மறுபடியும் அதே ஃபிஜி அணியோடு. பையன்கள் பேருந்துக் கூரையில் தட்டிப் பாட்டுப் பாடினார்கள். ஹில்டன் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டான். அந்தச் சத்தத்தில் யாராலும் தூங்கியிருக்க முடியாது.

லோலின் தினமும் போன் செய்வாள். அவர் குரல் ஏன் இழுத்து இழுத்து வருகிறது என்று கேட்டாள். வெயில், களைப்பு என்றேன். அவள், "நீ பாத்துக்குவேல்ல அண்ணா," என்றாள். பார்த்துக்கொள்வேன் என்றேன்.

வியாழக்கிழமை மதியம் சைலோசி விடுதிக்கு வந்தான். இருபத்துமூன்று வயதிருக்கும், பனைமரம் மாதிரி உடம்பு. ஊர் முறைப்படி மன்னிப்புக் கேட்க, தீவுகளில் இடித்துக் கரைத்துக் குடிக்கும் காவா வேர் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தான். எங்கள் கோச் எத்தியென் முன்னால் மண்டியிட்டு அதை வைத்தான். எத்தியென் தொட்டு ஏற்றுக்கொண்டார். பிறகு முற்றத்து மாமரத்தடியில் ஹில்டன், நான், சைலோசி மூவரும் உட்கார்ந்தோம். சைலோசியின் பையில் கமலா ஆரஞ்சும் இருந்தது. ஒன்றை உரித்துத் தின்றபடி இன்னொன்றை விளையாட்டாக ஹில்டனை நோக்கி எறிந்தான்.

ஹில்டன் கையை நீட்டினான். பழம் வராத இடத்தில் நீட்டினான். அது அவன் கன்னத்தில் பட்டு மண்ணில் உருண்டது.

நான் சிரித்துச் சமாளித்தேன். ஹில்டனும் சிரித்தான். சைலோசி சிரிக்கவில்லை. வழியனுப்ப நான் வாசல்வரை போனபோது நின்றான்.

"அண்ணே, அவருக்குக் கண்ணு தெரியலையா?"

"வெயில் கூசுது."

"வெயில் அவருக்குப் பின்னாடி அடிக்குது."

அவன் தன் ஊர்க்காரன் ஒருவனைப் பற்றிச் சொன்னான். ரக்பி ஆட்டத்தில் தலையில் அடி. பத்து நாள் நன்றாகத்தான் நடமாடினானாம், சந்தைக்குப் போனானாம், சர்ச்சில் பாடினானாம். அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

"நீங்களே சொல்லிடுங்க, சனிக்கிழமைக்குள்ள," என்றான். "நான் போய்ச் சொன்னா, கோல்கீப்பரை வெளியேத்தத்தான் ஃபிஜிக்காரன் கதை கட்டுறான்னு சொல்லுவாங்க. என் முழங்கால்தான் அவரை இடிச்சது. அன்னையிலேர்ந்து எனக்குச் சரியாத் தூக்கமில்லை."

அறைக்குத் திரும்பி ஹில்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. முகம் சாம்பலாகிவிட்டது. கோப்பைக்காகத்தான் மறைக்கிறான் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அவன் மனதில் இருந்தது வேறு.

"எங்க சித்தப்பாவை இப்படித்தான் தலைவலின்னு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பிளேன்ல ஏத்தினாங்க," என்றான். "நடந்துதான் ஏறினாரு. எனக்குக் கையாட்டினாரு. தலையைத் திறந்தாங்க, சவப்பெட்டியிலதான் திரும்பி வந்தாரு. தலையைத் திறந்தா நான் முழிக்க மாட்டேன் மச்சான். திறக்காம விட்டா தானா சரியாயிடும். ஊருக்குப் போயிட்டா சரியாயிடும்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பெனால்டியின்போது எதிராளியைப் பார்த்துச் சிரிக்கிறவன் அவன். அவனை அப்படிப் பார்த்ததும் என் பயம் இரண்டு மடங்காகியது. சொன்னாலும் செத்துவிடுவான், சொல்லாவிட்டாலும் செத்துவிடுவான் என்று எனக்குப் பட்டது. இரண்டில் எதற்கு நான் காரணமாக இருப்பது? வெள்ளிக்கிழமை இரண்டு முறை எத்தியெனின் அறைக் கதவுவரை போனேன். இரண்டு முறையும் திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை மைதானத்தை ஒட்டிய மலைச்சரிவு முழுக்க ஜனம். இடமில்லாமல் மரக்கிளைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பகல் முழுக்க மழை பெய்து புல் வழுக்கியது. கையுறை மாட்டும்போது ஹில்டனால் இடது கைப் பட்டையை இறுக்க முடியவில்லை. யாரும் பார்க்காத மாதிரி நான் இறுக்கிவிட்டேன். அந்த விரல்கள் சில்லென்று இருந்தன.

அவனுடைய இடது பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டேன். அந்தப் பக்கம் வருவதையெல்லாம் நானே தடுப்பதாகத் திட்டம். எத்தியென் கோட்டுக்கு வெளியே நின்று, இடத்தை விட்டு ஏன் நகர்கிறாய் என்று திட்டிக்கொண்டே இருந்தார். பத்தாவது நிமிடத்தில் எங்கள் பையன் ஒருவன் பந்தைப் பின்னுக்குத் தட்டிவிட்டான். ஹில்டன் ஓங்கி உதைத்தான். கால் காற்றில் போனது. நான் ஓடிப்போய்ப் பந்தை வெளியே தள்ளினேன். மலைச்சரிவு முழுக்கச் சிரித்தது.

சைலோசி சிரிக்காமல் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அவர்களுக்குக் கார்னர். பந்து வளைந்து உயரமாக வந்தது. ஹில்டன் முஷ்டியை ஓங்கிக்கொண்டு ஓடினான். பந்து எங்கே இல்லையோ அங்கே ஓடினான், நேரே கம்பத்தை நோக்கி. அந்த வேகத்தில் அவன் அதில் மோதினால் என்ன ஆகும் என்று தெரிந்தது. என் கால்கள் மண்ணில் புதைந்த மாதிரி நின்றுவிட்டன. பந்து சைலோசியின் தலைக்கு நேராக இறங்கியது. கோல் காலி. அவன் தலையை ஆட்டியிருந்தாலே போதும்.

அவன் பந்தை விட்டான். குறுக்கே பாய்ந்து ஹில்டனை இரண்டு கைகளாலும் இறுக்கிக் கட்டி, தன் மேலே அவனைப் போட்டுக்கொண்டு மல்லாந்து விழுந்தான். அவனுடைய தோள் கம்பத்தில் இடித்தது. பந்து எங்கேயோ போனது.

நடுவர் விசில் ஊதி ஓடிவந்தார். எங்கள் பையன்கள் சைலோசியின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் உட்கார்ந்தபடியே, ஹில்டனின் தலை தரையில் படாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, நடுவரிடம் பேசினான்.

"இவருக்குக் கண்ணு சரியாத் தெரியலை. தலையில அடி. டாக்டரைக் கூப்பிடுங்க."

நாடகம், கோல்கீப்பரைக் கிளப்பப் பார்க்கிறான் என்று எங்கள் பையன்கள் கத்தினார்கள். எத்தியென் கோட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். நடுவர் சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் நின்றவன் நான். இது உண்மையா என்று என்னைக் கேட்டார்.

ஹில்டன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் நிற்பதாக அவன் நினைத்த இடத்தைப் பார்த்தான். என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி, காலி இடத்தைப் பார்த்துக் கெஞ்சினான்.

"உண்மைதான்," என்றேன். "ஆறு நாளா எனக்குத் தெரியும்."

ஹில்டன் தானாக எழுந்து நடந்துதான் வெளியே போனான். கோட்டைத் தாண்டியதும் மண்டியிட்டு வாந்தி எடுத்தான். டாக்டர் குனிந்து அவன் பெயரைக் கேட்டார். அவன் யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தான். ஆம்புலன்ஸ் கதவு சாத்தியபோதும் பதில் வரவில்லை.

அவனோடு போகத்தான் நான் ஓடினேன். எத்தியென் பிடித்து நிறுத்தினார். இன்னொரு கோல்கீப்பர் இல்லை, உன்னைவிட உயரமானவனும் இல்லை என்று அவனுடைய கையுறையை என் கையில் திணித்தார். உள்ளே அவன் வியர்வையின் ஈரம் இருந்தது. மிச்ச ஆட்டம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு நின்றேன். பந்து வருவதும் போவதும் வேறு யாருக்கோ நடப்பது மாதிரி இருந்தது. மைதானத்துக்கு வெளியே எந்த வண்டி ஹாரன் அடித்தாலும், சாவுச் செய்தியோடு யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அப்படித் திரும்பியபோதே ஒரு கோல் விழுந்தது. மொத்தம் மூன்று, கோப்பை அவர்களுக்குப் போனது. ஒன்றுகூட சைலோசி போட்டதில்லை. இடைவேளையிலேயே அவனுடைய கோச் அவனை உட்காரவைத்துவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் சேற்றுக் காலோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தா பெஞ்சில் சைலோசி தோளில் கட்டோடு முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். மெடல் வாங்கக்கூட நிற்கவில்லை. மண்டையோட்டில் துளை போட்டு, தேங்கிய ரத்தத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நர்ஸ் சொன்னாள். சைலோசி கண்களை மூடி வாய்க்குள் ஜெபித்தான். எனக்கு ஜெபம் வரவில்லை. லோலினுக்கு போன் செய்யவேண்டும். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் அழைத்துச் சொன்னேன். அவள் அழவில்லை. எத்தனை நாளாக உனக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டாள். சொன்னதும் போனை வைத்துவிட்டாள்.

இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சர்ஜன் பின்னால் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹில்டன் கண் விழித்தான். முழித்துவிட்டேனா என்று அவன் கேட்ட முதல் ஆள் சைலோசிதான், ஏனென்றால் நான் அப்போது வெளியே வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை.

அதோடு அவன் ஆட்டம் முடிந்தது. இடது கை முக்கால்வாசி திரும்பிவிட்டது, சட்டைப் பொத்தான் மட்டும் போட வராது. எங்கள் பையன்களில் பாதிப்பேர் இன்றைக்கும் சைலோசிதான் கோப்பையைத் திருடினான் என்கிறார்கள். அவனுடைய ஊரில் பாதிப்பேர், காலி கோலை விட்ட முட்டாள் என்கிறார்களாம். அடுத்த வருடம் அவனுடைய அணி அவனை எடுக்கவில்லை.

லோலின் குழந்தை பெற்றாள், பெண். பெயர் வைக்கும் விருந்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. ஹில்டன் சமாதானம் சொல்லிப் பார்த்தான், அவள் கேட்கவில்லை. பதினோரு மாதம் கழித்து ஒரு காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டு முற்றத்தில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவரு தனியாத் தோட்டத்துக்குப் போறேங்கிறாரு. என்னால பயந்துக்கிட்டே வீட்ல இருக்க முடியலை. நீ கூடப் போ. தலைவலின்னு சொன்னா, தடுமாறினா, அந்த நிமிஷமே எனக்குச் சொல்லணும். மறைச்சேன்னா உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்."

அன்றிலிருந்து தினமும் போகிறேன். அவன் வள்ளிக்கிழங்குக் கொடிக்குக் குச்சி நடுவான், நான் களை பிடுங்குவேன். கண் என்னவோ அவன் மேலேயே இருக்கும். அவன் நிமிர்ந்து நெற்றியில் கைவைத்தால் நான் களையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். பெரும்பாலும் வியர்வையைத்தான் துடைப்பான். ஆனாலும் நான் மேட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு ஏறிப்போய் லோலினை அழைத்து, நெற்றியில் கை வைத்தான் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். ஹில்டன் கீழிருந்து என்னைக் கேலி செய்வான். செய்யட்டும்.