பென்சில் சொல்

புதன்கிழமை எங்கள் தீவைப் பூட்டிவிட்டார்கள். தபாலில் தகவல் வந்தது.

தீவு ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருந்தது. நானும் தங்கை ஜெனிட்டாவும் இரண்டு பெரிய லீவில் அதைக் கட்டினோம். ஒரு துறைமுகம், பதினாறு வீடுகள், ஜெனிட்டா அடம்பிடித்து வைத்த ஒரு மாட்டுத்தொழுவம்.

திறக்க வேண்டுமானால் உரிமச் சரிபார்ப்பு அலுவலகத்துக்கு நேரில் வரச் சொல்லியிருந்தது. அது நாகர்கோவிலில், மூன்றாவது மாடியில் இருந்தது. நான் ஏற ஏறப் படிகள் கூடின. இருநூறாவது படியில் ஒரு பெஞ்ச் போட்டிருந்தார்கள். உட்கார்ந்துவிட்டு ஏறினேன்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தார்.

"ரொம்ப நேரமாவா?" என்று கேட்டேன்.

"தொண்ணூத்தொம்பது சதவீதம் ஆச்சு. ஆறு வருசமா அதுலயே நிக்கி. நீங்க போங்க."

கவுன்டரில் தங்கபாய் என்ற அம்மா இருந்தார்.

"இது நாங்க காசு குடுத்து வாங்கினதும்மா," என்றேன்.

"வாங்கினது பெட்டிய. வெளையாடுறதுக்கு அனுமதி தனி."

"அப்ப அனுமதி குடுங்க."

"குடுக்கிற கம்பெனிய மூடியாச்சு. அதான் கொஞ்சம் தாமதமாவுது."

அவர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். "கையேடு. பக்கம் பதினாலு, வரி மூணு, சொல் அஞ்சு. மூணு தடவ தப்பாச் சொன்னா நிரந்தரமாப் பூட்டிரும்."

எனக்குத் தெரிந்த கேள்விதான். அந்த நாட்களில் விளையாட்டைத் திறக்கும்போதெல்லாம், திருட்டுப் பிரதி இல்லை என்று காட்ட, பெட்டியோடு வந்த கையேட்டிலிருந்து இப்படி ஒரு சொல்லைக் கேட்கும். நான் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் ஜெனிட்டா பக்கத்தைப் புரட்டியிருப்பாள்.

"அச்சடிச்ச சொல் வேண்டாம்," என்றார் தங்கபாய். "அதுக்கு மேல பென்சில்ல எழுதியிருக்குமே, அது."

அப்போது எங்களுக்கு ஆங்கிலம் வராது. நான் அகராதியில் தேடிச் சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலால் தமிழில் எழுதினாள். கையேடு அவளிடம்தான் இருக்கிறது, மஸ்கட்டில். அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் மறந்துவிட்டது. பதினொரு வருடமாகப் பேச்சில்லை.

தங்கபாய் போனை நகர்த்தி வைத்தார். எடுத்தேன். மறுமுனையில் ஏற்கெனவே மணி அடித்துக்கொண்டிருந்தது. "சரியான சொல் வந்ததும் போன வச்சிரணும்," என்றார்.

"எந்தப் பக்கம்ணே?" என்றாள் ஜெனிட்டா.

சொன்னேன். பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"நங்கூரம்."

"கொடிமரம்," என்றேன் தங்கபாயிடம்.

"தப்பு. பக்கம் இருபத்திரெண்டு, வரி ஒம்பது, சொல் ஒண்ணு."

"நான் நங்கூரம்னுதானே சொன்னேன்?" என்றாள் ஜெனிட்டா.

"ஆமா. இப்ப இருபத்திரெண்டப் பாரு."

அவள் நிதானமாகத் தேடினாள். மூச்சு விடுவது கேட்டது. நடுவில் இருமினாள். சின்ன வயதிலும் அப்படித்தான் இருமுவாள்.

"சுங்கச்சாவடி. நீ சொன்னபடியேதான், 'ச்' இல்லாம எழுதியிருக்கேன்."

"மேகம்," என்றேன் தங்கபாயிடம்.

"தப்பு. கடைசித் தடவ. பக்கம் நாப்பது, வரி ஒண்ணு, சொல் ரெண்டு."

இந்த முறை பக்கம் புரளவில்லை.

"வெண்டைக்காய்," என்றாள்.

எங்கள் தீவிலும் சரி, கையேட்டிலும் சரி, வெண்டைக்காய் கிடையாது. அவளுக்கும் அது தெரியும்.

"வெண்டைக்காய்," என்றேன்.

தங்கபாய் முத்திரை குத்தினார். துறைமுகமும் பதினாறு வீடுகளும் தொழுவமும் அத்தோடு போயின. அவர் போனை என் பக்கமே விட்டுவிட்டு ஷட்டரை இறக்கினார்.

"பூட்டிட்டாவளா?" என்றாள்.

"பூட்டிட்டாங்க."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"மாப்பிள்ளை நல்லாயிருக்காரா?" என்று கேட்டேன்.

"இங்கதான் நிக்காரு. குடுக்கட்டா?"

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"குடு," என்றேன்.